கால் மரத்துப்போனால் சர்க்கரை மட்டும்தான் காரணமா?

நிலக்கடலை வயலில் இலை மஞ்சளிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அனுபவமுள்ள விவசாயி உடனே யூரியா மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடமாட்டார். முதலில் எந்த இலை மஞ்சளிக்கிறது என்று குனிந்து பார்ப்பார். அடியில் உள்ள முதிர்ந்த இலை என்றால் தழைச்சத்து போதவில்லை. நுனியில் உள்ள இளம் இலை என்றால் இரும்பு அல்லது கந்தகம் போதவில்லை. சுண்ணாம்பு மண்ணாக இருந்தால் பெரும்பாலும் இரும்புதான். நிறம் ஒன்றுதான், காரணம் வேறு. காரணம் தெரியாமல் போடும் உரம் காசுக்குக் கேடு, சில நேரம் பயிருக்கும் கேடு.

சர்க்கரை நோய் உள்ளவர்களின் உடம்பிலும் இதே கதை நடக்கிறது. கால் மரத்துப்போகிறது, உள்ளங்கால் எரிகிறது, பஞ்சின் மேல் நடப்பதுபோல் இருக்கிறது. 'சர்க்கரை இருந்தால் அப்படித்தான்' என்று வீட்டிலும் சொல்கிறார்கள், தெருவிலும் சொல்கிறார்கள். மருந்துக்கடையில் கேட்டால் ஏதோ ஒரு சத்து மாத்திரை அட்டையைக் கொடுத்துவிடுகிறார்கள். எந்தச் சத்து குறைந்திருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. சேற்றிலும் முள்ளிலும் செருப்பில்லாமல் வேலை செய்கிற நமக்குக் காலில் உணர்ச்சி போவது சாதாரண விஷயமல்ல. முள் தைத்தது தெரியாது, மண்வெட்டி பட்டது தெரியாது. புண் ஆழமாகிச் சீழ் பிடித்த பிறகுதான் தெரியும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்த நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023 இல் வெளியானது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் சர்க்கரை நோயுடன் வாழ்வதாக அது கணக்கிட்டது. உடல் உழைப்பு குறைந்த நகரத்து நோய் என்று நினைத்த காலம் போய்விட்டது. இன்று எந்தக் கிராமத்தில் பத்து வீடு ஏறி இறங்கினாலும் மாத்திரை டப்பா இல்லாத வரிசை அபூர்வம். அதனால்தான் விவசாயப் பக்கத்தில் இந்தப் பேச்சு.

சர்க்கரை கூடினால் சத்து ஏன் குறைகிறது?

நறுக்கி வைத்த வாழைப்பூவும் கத்தரிக்காயும் சற்று நேரத்தில் கறுத்துவிடும். காற்றில் உள்ள ஆக்சிஜன் செய்யும் வேலை அது. அதனால்தான் வீட்டில் மோர்த் தண்ணீரில் நறுக்கிப் போடுகிறார்கள். செக்கில் ஆட்டிய எண்ணெய் நாளாக ஆகக் காறல் வாடை அடிப்பதும் இதே ஆக்சிஜனின் வேலைதான். எண்ணெயில் இயற்கையாக உள்ள வைட்டமின் ஈ அந்தக் காறலைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுகிறது.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் இதைப் போன்ற தேய்மானம் ஓயாமல் நடக்கிறது. உணவை எரித்துச் சக்தியாக்கும்போது அடுப்பிலிருந்து தெறிக்கும் தீப்பொறிபோலச் சில துடிப்பான ஆக்சிஜன் துணுக்குகள் தெறிக்கின்றன. அவற்றை அணைப்பவைதான் ஆன்டி-ஆக்சிடன்ட் என்று சொல்லப்படுபவை. வைட்டமின் சி, வைட்டமின் ஈ, கீரையில் உள்ள கரோட்டின் ஆகியவை உணவிலிருந்து வருகின்றன. குளூட்டாதையோன் என்ற ஒன்றை உடம்பு தானே தயாரித்துக்கொள்கிறது. துத்தநாகமும் செம்பும் சேர்ந்த நொதி ஒன்றும் இந்தக் காவல் வேலையைச் செய்கிறது.

இரத்தத்தில் சர்க்கரை கூடினால் அடுப்பில் விறகைத் திணித்தது போலாகிவிடும். பொறி அதிகமாகத் தெறிக்கும். அதே சமயம் அணைக்கிற ஆளும் குறைவார். மிஞ்சிய சர்க்கரையை வேறு பொருளாக மாற்றும் வேலையில், குளூட்டாதையோனைப் புதுப்பிக்கத் தேவையான பொருள் செலவாகிவிடுகிறது. வைட்டமின் சி செல்லுக்குள் நுழையும் வாசல்களில் ஒன்று சர்க்கரை நுழையும் அதே வாசல்தான். கூட்டமாக நிற்கும் சர்க்கரை அந்த வாசலை அடைத்துக்கொள்கிறது. சர்க்கரை நோயாளிகளின் இரத்தத்தில் வைட்டமின் சி மற்றவர்களைவிடக் குறைவாக இருப்பதைப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள்.

ஆட்டுக்கும் மாட்டுக்கும் இந்தக் கவலை இல்லை. அவை தங்கள் கல்லீரலிலேயே வைட்டமின் சி தயாரித்துக்கொள்ளும். மனிதனுக்கு அந்த வசதி இல்லை. அன்றாடம் தின்றால்தான் உண்டு.

வைட்டமின் பி1 எனப்படும் தயமினும் இப்படிக் குறைகிறது. 2007 இல் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சர்க்கரை நோயாளிகளின் இரத்தத் திரவத்தில் தயமின் மிகவும் குறைந்திருப்பதையும், சிறுநீர் வழியாக அது வழக்கத்தைவிட அதிகம் வெளியேறுவதையும் கண்டார்கள். இங்கே நம் ஊர் புழுங்கலரிசியைப் பற்றி ஒரு வார்த்தை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமிக்கு அடியில் தவிட்டில் இருக்கும் தயமினில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் பச்சரிசி அளவுக்கு இழப்பு இருக்காது. அதற்காகப் புழுங்கலரிசிச் சோறு சர்க்கரையை ஏற்றாது என்று எண்ணிவிட வேண்டாம். ஏற்றும். சோற்றின் அளவைக் குறைத்து, பயறும் காயும் கூட்டுவதுதான் வழி.

அப்படியானால் மாத்திரை போட்டுச் சரிக்கட்டலாமா?

எல்லோருக்கும் தோன்றும் கேள்விதான். மருத்துவ உலகத்துக்கும் தோன்றியது. வைட்டமின் குறைகிறது, வைட்டமினைக் கொடு என்று பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். பலன் எதிர்பார்த்தபடி வரவில்லை.

2000 ஆம் ஆண்டு வெளியான 'ஹோப்' ஆய்வில் 55 வயது தாண்டிய 9,500க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். இரத்தக்குழாய் நோயோ, சர்க்கரை நோயோடு வேறு சில ஆபத்துகளோ உள்ளவர்கள். பாதிப் பேருக்குத் தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ, மற்றவர்களுக்குச் சத்தில்லாத வெறும் மாத்திரை. நாலரை ஆண்டுகள் கொடுத்தும் மாரடைப்பு, பக்கவாதம் எதுவும் குறையவில்லை. அதே ஆட்களை மேலும் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, வைட்டமின் ஈ எடுத்தவர்களிடம் இதயச் செயலிழப்பு சற்று கூடுதலாகத் தெரிந்தது.

அதற்கு முன்பே, 1994 இல், பின்லாந்தில் இன்னொரு பாடம் கிடைத்தது. புகை பிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட ஆய்வு அது. நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பி பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தார்கள். கொடுத்தவர்களிடம் அந்தப் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமானது. பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் கடைகளில் விற்கும் கரோட்டின் மாத்திரை பக்கம் போகவே கூடாது. கீரையிலும் கேரட்டிலும் உள்ள கரோட்டினுக்கு இந்தத் தடை கிடையாது.

வைட்டமின் டி-யும் தப்பவில்லை. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 2,423 பேரிடம் அமெரிக்காவில் செய்த சோதனை 2019 இல் முடிந்தது. தினமும் 4,000 யூனிட் கொடுத்தும், நோய் வருவது குறைந்தது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் வரவில்லை. குறைபாடு உள்ளவர்கள் மருத்துவர் சொன்னபடி எடுப்பது வேறு விஷயம்.

மாத்திரை ஏன் பலிக்கவில்லை? வாய்க்கால் மடை உடைந்திருக்கும்போது மோட்டாரை இன்னும் இரண்டு மணி நேரம் ஓட்டினால் கடைமடைக்குத் தண்ணீர் போகுமா? முதலில் மடையை அடைக்க வேண்டும். இரத்தச் சர்க்கரை கட்டுக்குள் வராதவரை பொறி தெறித்துக்கொண்டேதான் இருக்கும். இன்னொன்று, கீரையிலும் பழத்திலும் வைட்டமின் தனியாக இருப்பதில்லை. நார்ச்சத்தும் பல நூறு பொருள்களும் சேர்ந்தே இருக்கின்றன. ஒன்றை மட்டும் பிரித்து அதிக அளவில் கொடுப்பதை உடம்பு அதேபோல் ஏற்பதில்லை.

அதிக அளவு வைட்டமின் சி மாத்திரையில் இன்னும் இரண்டு தொல்லைகள் உண்டு. சிறுநீரகக் கல் உருவாக அது வழிவகுக்கலாம். சில வகை குளுக்கோமீட்டர்களில் உண்மையான அளவுக்கு மாறாக எண் காட்டும். அந்த எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அந்த ஒன்றை மட்டும் உணவாலோ, மாத்திரையாலோ, ஊசியாலோ கட்டாயம் ஈடுகட்ட வேண்டியிருக்கும். அதைத்தான் நாம் பார்க்கத் தவறுகிறோம்.

பி12: அதிகம் கவனிக்கப்படாத குறைபாடு

சர்க்கரைக்கு முதல் மருந்தாகப் பெரும்பாலானோர் சாப்பிடுவது மெட்ஃபார்மின். ஐரோப்பாவில் வளரும் பயறு குடும்பத்துச் செடி ஒன்றை ஆராயப்போய்ப் பிறந்த மருந்து அது. அந்தச் செடியை அதிகம் மேய்ந்த ஆடுகள் செத்துப்போவதுண்டு. ஆனால் அதிலிருந்த பொருளை ஒட்டிச் செய்த மெட்ஃபார்மின் பாதுகாப்பானது, விலை குறைவானது. 1957 இல் பிரான்சில் நோயாளிகளுக்குக் கொடுத்த அனுபவம் வெளியானதிலிருந்து இன்றுவரை உலகம் முழுக்கப் பயன்படுகிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் சர்க்கரை மாத்திரைகளிலும் இது உண்டு. பல கூட்டு மாத்திரைகளில் வேறு பெயருக்குள் இது ஒளிந்திருக்கும். அட்டையின் பின்புறத்தைக் காட்டி, 'இதில் மெட்ஃபார்மின் இருக்கிறதா' என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள்.

இந்த மருந்து வைட்டமின் பி12 உடம்பில் சேர்வதைக் குறைக்கிறது. நாம் தின்னும் பி12 சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் உறிஞ்சப்படுகிறது. அந்த வேலைக்குக் கால்சியத்தின் துணை வேண்டும். மெட்ஃபார்மின் அங்கேதான் குறுக்கிடுகிறது. இது 1970களிலேயே தெரிந்த செய்தி. ஆனாலும் நோயாளிகள் காதுக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பி12 குறைவு இந்த மருந்தின் சாதாரணமாகக் காணப்படும் பக்கவிளைவு என்று 2022 இல் எச்சரித்தது. மெட்ஃபார்மின் எடுப்போருக்கு அவ்வப்போது பி12 அளவைப் பார்க்க வேண்டும், அதிலும் இரத்தசோகையோ நரம்புப் பாதிப்போ இருந்தால் அவசியம் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதலும் சொல்கிறது.

உடனே தெரியாது என்பதுதான் இதில் வில்லங்கம். கல்லீரலில் சில ஆண்டுகளுக்குப் போதுமான பி12 சேமிப்பு இருக்கும். அது கரையும்வரை ஒன்றும் தெரியாது. மாத்திரை தொடங்கி நாலைந்து ஆண்டுகள் கழித்துக் கால் மரக்கத் தொடங்கும்போது, மாத்திரையோடு யாரும் அதை முடிச்சுப் போடுவதில்லை. சர்க்கரையின் மேல் பழி விழுகிறது. சர்க்கரையாலும் நரம்பு கெடும், பி12 குறைந்தாலும் நரம்பு கெடும். இரண்டும் சேர்ந்தே இருக்கவும் கூடும். இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இது: சர்க்கரையால் கெட்ட நரம்பைத் திருப்புவது கடினம். பி12 குறைவால் வந்ததை நேரத்தோடு கண்டுபிடித்தால் பெருமளவு சரிசெய்யலாம். காலம் கடந்தால் அதுவும் நிரந்தரமாகிவிடும்.

கால் மரப்போடு வேறு சில அறிகுறிகளையும் கவனியுங்கள். நாக்கு வழவழப்பாகச் சிவந்து எரிவது, முகம் வெளிறுவது, கொஞ்சம் வேலை செய்தாலே களைப்பு, மறதி. இன்னொன்றை விவசாயிகள்தான் முதலில் உணர்வார்கள். பகலில் வரப்பில் ஒழுங்காக நடப்பவர், இரவில் மோட்டார் போடப் போகும்போது தடுமாறுவார். முகம் கழுவக் கண்ணை மூடினால் உடம்பு சாயும். கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்புகள் பழுதானால் இப்படி ஆகும். பகலில் கண் பார்த்துச் சமாளித்துவிடும், இருட்டில் முடியாது. 'வயசாகிவிட்டது' என்று இதைத் தள்ளிவிடாதீர்கள்.

நெஞ்செரிச்சலுக்கு என்று மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கேஸ் மாத்திரை விழுங்குவோருக்கு ஆபத்து இன்னும் கூடுதல். உணவில் உள்ள பி12-ஐப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் தேவை. ஓமெப்ரசோல், பான்டோப்ரசோல் போன்றவை அந்த அமிலத்தைக் குறைத்துவிடுகின்றன. காலையில் சர்க்கரை மாத்திரை, அதற்கு முன் ஒரு கேஸ் மாத்திரை என்று பழகியவர்கள் நம்மிடையே எத்தனை பேர்!

இங்கே இன்னொரு பொறி இருக்கிறது. நெல்லுக்கு மணிச்சத்தை அளவுக்கு மீறிப் போட்டால் துத்தநாகப் பற்றாக்குறை தலைகாட்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அதேபோல் மருந்துக்கடையில் நாமாக வாங்கும் சத்து மாத்திரைகளில் ஃபோலிக் அமிலம் அதிகமாக இருக்கும். அது பி12 குறைவால் வந்த இரத்தசோகையைச் சரிபோலக் காட்டிவிடும். முகத்தில் தெளிவு வரும், இரத்த அளவு ஏறும். நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டே போகும்.

மெட்ஃபார்மின் இப்படிச் செய்கிறதே என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். சர்க்கரை ஏறினால் கண், சிறுநீரகம், கால் மூன்றும் போகும். மாத்திரையைத் தொடர்ந்தபடியே பி12-ஐச் சரிசெய்ய முடியும்.

கீரையில் கிடைக்காது, மாட்டில் கிடைக்கும்

பி12 எந்தச் செடியும் தயாரிக்காத வைட்டமின். விலங்கும் தயாரிப்பதில்லை. சில நுண்ணுயிர்களால் மட்டுமே முடியும். மாட்டின் முதல் வயிற்றில் அந்த நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவை வேலை செய்ய கோபால்ட் என்ற தாது மிகச் சிறிய அளவு வேண்டும். தீவனத்தில் கோபால்ட் இருந்தால் மாட்டுக்கு பி12 கிடைக்கும், பாலிலும் கொஞ்சம் வரும். ஆஸ்திரேலியக் கடற்கரைப் பகுதிகளில் நல்ல புல் மேய்ந்தும் ஆடுகள் இளைத்துச் செத்த மர்மத்துக்கு, மண்ணில் கோபால்ட் இல்லாததே காரணம் என்று 1930களில் கண்டுபிடித்தார்கள். பி12 என்ற வைட்டமினே 1948 இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. கறவை மாட்டுக்குத் தாது உப்புக் கலவை வைக்கச் சொல்லும்போது அதில் கோபால்ட் ஏன் சேர்த்திருக்கிறார்கள் என்று இப்போது புரிந்திருக்கும்.

ஒரு நாளைக்கு நமக்குத் தேவைப்படும் பி12 சுமார் 2 மைக்ரோகிராம்தான். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கி அதில் இரண்டு பங்கு. அரை லிட்டர் பசும்பாலில் ஏறக்குறைய இந்த அளவு இருக்கும். வெகுநேரம் சுண்டக் காய்ச்சினால் அதில் ஒரு பகுதி போய்விடும். ஒரு முட்டையில் தேவையில் நாலில் ஒரு பங்கு கிடைக்கும். ஈரலும் மத்தி மீனும் இதில் பணக்காரர்கள். ஒரு வேளை மத்திக் குழம்பு சில நாள் தேவையை முடித்துவிடும். அசைவம் சாப்பிடாதவர்கள், கறந்த பாலையெல்லாம் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டுத் தங்களுக்கு வறக்காப்பி போட்டுக்கொள்பவர்கள், வயதானவர்கள் ஆகியோர் மெட்ஃபார்மினும் எடுத்தால் அவர்கள்தான் முதலில் பரிசோதனைக்குப் போக வேண்டியவர்கள்.

சுருள்பாசி பற்றிக் கேட்கிறார்கள். தமிழகத்தில் பல மகளிர் குழுக்களும் இளைஞர்களும் ஸ்பைருலினா வளர்க்கிறார்கள். புரதமும் இரும்பும் உள்ள நல்ல பொருள். ஆனால் சைவர்களுக்கான பி12 என்று சொல்லி அதை விற்பது சரியல்ல. அதில் இருப்பதில் பெரும்பகுதி பி12 போலத் தோன்றும் போலி. மனித உடம்பு அதைப் பயன்படுத்திக்கொள்ளாது. ஆய்வகப் பரிசோதனையின் சில முறைகளில் அதுவும் பி12 என்றே கணக்கில் வந்துவிடுவதால்தான் இந்தக் குழப்பம். உற்பத்தி செய்பவர்கள் அந்த வாசகத்தை அட்டையிலிருந்து எடுத்துவிடுவது நல்லது. நம்பி வாங்கியவரின் கால் நரம்பு சம்பந்தப்பட்ட விஷயம் இது.

உங்கள் வரப்பில் இருப்பது

பி12 போக மற்ற ஆன்டி-ஆக்சிடன்ட்களுக்கு மருந்துக்கடை தேவையே இல்லை. நம் வரப்பிலும் கொல்லையிலும் இருக்கின்றன.

பெருநெல்லிக்காய் 100 கிராமில் 250 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. ஆண்களுக்கு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம், பெண்களுக்கு 65 மில்லிகிராம் போதும் என்பது இந்தியப் பரிந்துரை. அப்படியானால் நடுத்தரமான ஒரே ஒரு நெல்லிக்காய் அன்றைய கணக்கை ஏறக்குறைய முடித்துவிடும். காலையில் டம்ளர் டம்ளராகச் சாறு குடிக்க வேண்டியதில்லை. தேன் நெல்லி, நெல்லி மிட்டாய் என்று சர்க்கரைப் பாகில் ஊறியதைச் சர்க்கரை நோயாளிக்கு மருந்து என்று கொடுக்காதீர்கள். மதிப்புக்கூட்டும் குழுக்கள் இவர்களுக்காக உப்பு நெல்லி, உலர்த்திய நெல்லி வற்றல் செய்யலாம், உப்பை மட்டும் அளவோடு சேர்க்க வேண்டும். மானாவாரியிலும் ஓரளவு உவர் நிலத்திலும் தாக்குப்பிடிக்கும் மரம் நெல்லி. பவானிசாகர் ஆராய்ச்சி நிலையத்தின் பி.எஸ்.ஆர். 1, வட இந்தியாவிலிருந்து வந்த என்.ஏ. 7 ஆகியவை நம் விவசாயிகளுக்குப் பழக்கமானவை. நெல்லியில் ஒரே ரகத்தை மட்டும் நட்டால் காய்ப்பு குறையும் என்பதால் இரண்டு மூன்று ரகங்களைக் கலந்து நடுங்கள்.

கொய்யாவும் குறைந்ததல்ல. 100 கிராமில் 200 மில்லிகிராமைத் தாண்டும். தோலோடு, அதிகம் கனியாமல், பாதிப் பழம் அல்லது சிறியதாக ஒரு பழம் சாப்பிடலாம். சாறாக்கினால் நார் போய்ச் சர்க்கரை மட்டும் மிஞ்சும். அர்கா கிரண் போன்ற சிவப்புச் சதை ரகங்களில் தக்காளியில் உள்ள அதே லைகோபீன் என்ற நிறமியும் இருக்கிறது.

முருங்கைக்கீரை, அகத்திக்கீரை இரண்டிலும் கரோட்டின் ஏராளம், பறித்த உடனே பார்த்தால் வைட்டமின் சி-யும் தாராளம். பெரியகுளத்தின் பி.கே.எம். 1 முருங்கையைக் காய்க்காக வைத்திருப்பவர்கள் கவாத்து செய்யும்போது கீரையை வீணாக்கிவிடுகிறார்கள். கரோட்டின் கொழுப்பில்தான் கரையும். எண்ணெய் சேர்க்காமல் வெறுமனே அவித்துத் தின்றால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது. ஒரு கரண்டி நல்லெண்ணெயோ தேங்காய்த் துருவலோ போதும். வைட்டமின் சி நேர்மாறு. தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும், நறுக்கி வைத்தாலும் குறையும். கழுவிவிட்டு நறுக்குங்கள், நறுக்கிவிட்டுக் கழுவாதீர்கள். மூடி போட்டுக் குறைந்த நேரம் வேகவையுங்கள்.

விற்பனைக்குப் பயிரிடுபவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. மதிய வெயிலில் அறுத்து, வண்டியில் மூடாமல் போட்டு, மறுநாள் சந்தைக்குப் போகும் கீரையில் வைட்டமின் சி கணிசமாகப் போயிருக்கும். விடியலில் அறுத்து, நிழலில் கட்டி, ஈரச்சாக்கு போர்த்தி அனுப்பினால் கீரையும் வாடாது, சத்தும் நிற்கும். முருங்கைப் பொடி தயாரிப்போர் வெயிலில் காயவைக்கக் கூடாது. நிறமும் கரோட்டினும் வெயிலில் போய்விடும். நிழலில் உலர்த்தி, ஒளி புகாத பையில் அடையுங்கள். எப்படி உலர்த்தினாலும் வைட்டமின் சி பெரும்பாலும் மிஞ்சாது. அதனால் பொடியின் அட்டையில் பச்சை இலையின் கணக்கை அச்சடிக்காதீர்கள்.

வைட்டமின் ஈ-க்கு நிலக்கடலை, எள், சூரியகாந்தி இருக்கின்றன. வேகவைத்த கடலை ஒரு கைப்பிடி போதும். செக்கெண்ணெய் என்பதற்காக அளவில்லாமல் ஊற்றலாம் என்று அர்த்தமில்லை. பலகாரம் சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதிலிருந்த வைட்டமின் ஈ அழிந்து, தீப்பொறியைக் கூட்டும் பொருள்களே மிஞ்சும்.

துத்தநாகத்துக்கு வயலையே பார்க்க வேண்டும். இன்சுலின் கணையத்தில் சேமிக்கப்படுவது துத்தநாகத்தோடு சேர்ந்துதான். தமிழக மண்ணில் துத்தநாகப் பற்றாக்குறை பரவலாக இருக்கிறது. மண் பரிசோதனையில் குறைவு என்று வந்தால் நெல்லுக்கு ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் இடுவது பயிருக்கும் நல்லது, அந்த அரிசியைத் தின்பவருக்கும் கொஞ்சம் நல்லது.

சிறுநீரகம் பாதித்தவர்களுக்கு மேலே சொன்னதில் மாற்றம் உண்டு. கீரை, பழம், கடலை எல்லாவற்றிலும் பொட்டாசியம் இருப்பதால் அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் கூட்டக் கூடாது.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு

உழவர் கூட்டங்களில் மண் மாதிரி எடுப்பது பற்றிப் பேசும் நீங்கள், கூடவே இரண்டு நிமிடம் இதையும் பேசலாம். 'மெட்ஃபார்மின் எத்தனை வருடமாக எடுக்கிறீர்கள், கால் மரக்கிறதா, பி12 பார்த்தீர்களா' என்ற மூன்று கேள்விகள் போதும். மருத்துவ ஆலோசனை சொல்வது நம் வேலையில்லை. கேட்கத் தூண்டுவது நம்மால் முடியும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போகும்போது மருந்து அட்டைகள் அனைத்தையும், கேஸ் மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோகச் சொல்லுங்கள். பி12 பரிசோதனை எல்லா இடத்திலும் இருக்காது. எங்கே செய்யலாம் என்று மருத்துவரே சொல்வார். தனியார் ஆய்வகத்துக்குப் போனால் கட்டணம் இடத்துக்கு இடம் மாறும், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பொதுவாக ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் பி12 அளவு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்று எடுத்துக்கொள்கிறார்கள். 200க்கும் 300க்கும் இடையில் என்றால் சந்தேகத்துக்குரியது, அறிகுறியைச் சேர்த்துப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். ஊசியா மாத்திரையா, எத்தனை நாள் என்பதும் அவர் பொறுப்பு. இரத்தசோகை இருந்தால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவும் சில நேரம் உண்மைக்கு மாறாகக் காட்டும். அதனால் இரத்த அளவையும் சேர்த்துப் பாருங்கள்.

அதுவரை கால்களைக் காப்பாற்றியாக வேண்டும். நடவு, களை வேலை முடித்து வந்ததும் காலைக் கழுவி, விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் துடைத்து, வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம், அல்லது வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லலாம். தண்ணீர் சூட்டைக் காலால் சோதிக்காதீர்கள், கையால் பாருங்கள். உலர்ந்த வேலைக்குச் செருப்பு இல்லாமல் இறங்க வேண்டாம். சேற்றுக்கு முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் இருந்தால் நல்லது. போடுவதற்கு முன் அதைக் கவிழ்த்துத் தட்டிக்கொள்ளுங்கள், உள்ளே கிடக்கும் கல்லோ முள்ளோ குத்தினாலும் உங்களுக்குத் தெரியாது.

பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கும் முன்பே பி12 ஊசியோ, பி12 கலந்த சத்து மாத்திரையோ எடுத்திருந்தால் அளவு உயர்ந்து காட்டும். எதையாவது ஏற்கெனவே எடுத்திருந்தால், எப்போது எடுத்தீர்கள் என்பதை மருத்துவரிடமும் ஆய்வகத்திலும் சொல்லிவிடுங்கள்.